ராகிக் கதிரும் ஹாஜரி புத்தகமும்: ஆனேக்கல் எல்லையில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன், அக்டோபர் 30

தசரா விடுமுறையும் தீபாவளியும் முடிந்து கிராமப் பள்ளிகள் மறுபடி சூடு பிடிக்கும் நேரம் இது. அதே நேரத்தில்தான் ராகியும் முற்றுகிறது. பெங்களூரிலிருந்து தமிழ்க் குழுக்கள் பள்ளிக்கூடம் பார்க்கவும் பாடம் சொல்லித்தரவும் கிளம்புவது பெரும்பாலும் இந்த மாதங்களில் என்பதால், ஆனேக்கல் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளியை வைத்து ஐந்து நாளும் எழுதுகிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, இரண்டு ஆசிரியர்கள், புத்தகத்தில் 27 பெயர்கள்.

வழி முதலில். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஊதாத் தட மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கே பச்சைத் தடம் மாறி ஆர்.வி. ரோடு, அங்கிருந்து மஞ்சள் தடத்தில் கடைசி நிறுத்தம் பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் திறந்த தடம் இது, 19 கிலோமீட்டர் சொச்சம். சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் வர இதுதான் வழி. பொம்மசந்திராவிலிருந்து சந்தாபுரா, ஆனேக்கல் பஸ். ஆனேக்கல் தாண்டிய பிறகு ஊர் பஸ்தான், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். இரண்டு மூன்று பேராக இருந்தால் ஷேர் ஆட்டோ நல்லது. கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து டிக்கெட் இல்லை, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். ஆதாரில் ஓசூர் முகவரி இருந்தால் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். எல்லைக் கிராமங்களில் அக்கா தங்கைக்குள்ளேயே ஒருத்திக்கு டிக்கெட், ஒருத்திக்கு இல்லை.

பள்ளிக்குள் நுழைந்ததும் பார்க்க வேண்டியது கரும்பலகையை அல்ல, ஹாஜரி புத்தகத்தை, அதாவது வருகைப் பதிவேட்டை. இன்று 27-க்கு 22. ஒன்று முதல் மூன்று வரை உள்ள 16 பேரில் 15 பேர் வந்திருக்கிறார்கள். நான்கு, ஐந்தில் 11 பேருக்கு 7. இந்த எண்ணைத்தான் ஐந்து நாளும் பின்தொடரப் போகிறோம். பால், சோறு, முட்டை, பாடம், சமையலறைக்கு எத்தனை பூட்டு என்பது வரை எல்லாம் இதில் தொங்குகிறது.

பாலில் தொடங்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் தரும் கர்நாடக அரசின் க்ஷீர பாக்யா திட்டம் 2013-இல் வந்தது. ஒரு பிள்ளைக்கு 18 கிராம் பால் பவுடர், கரைத்து 150 மில்லி. 22 பேருக்கு 396 கிராம் பவுடர், மொத்தம் 3.3 லிட்டர் பால். கேட்க எளிது, கெடுவதும் எளிது. கொதிக்கிற தண்ணீரில் பவுடரைக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாக உருண்டைகள் நிற்கும். பிள்ளைகள் அதைத் துப்புவார்கள், பிறகு பாலே பிடிக்காது என்பார்கள். இங்கே சமைக்கிற அக்கா, தளி பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மத்தால் கடைகிறார். கூழ் மாதிரி ஆனதும் மீதித் தண்ணீரில் ஊற்றி, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே ஒரு கொதி. சர்க்கரை இறக்கிய பிறகுதான்.

“மழைக்காலத்துல பாக்கெட்டைப் பிரிச்சு வெச்சா ரெண்டே நாள்ல கட்டியாயிடும்ணா. டப்பாவுல கொட்டிடணும். டப்பாக்குள்ள ஈரக் கரண்டி மட்டும் போயிடக் கூடாது” என்றார். ஐப்பசி மழையில் அலமாரிக்குள் வைத்த பாக்கெட்டும் ஈரம் இழுக்கத்தான் செய்கிறது.

2024 பிப்ரவரியிலிருந்து பாலில் ராகி மால்ட்டும் கலக்கிறார்கள், தொடங்கும்போது வாரம் மூன்று நாள் என்று கணக்கு. மால்ட் மாவைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும். பாலில் நேராகப் போட்டால் அடியில் உட்கார்ந்து தீய்ந்துவிடும். சுற்றி நான்கு பக்கமும் ராகி வயல், பள்ளிக்கு வருவதோ பாக்கெட் ராகி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சும்மா கண்ணில் பட்டது.

இரண்டாம் நாள், வெள்ளி, அக்டோபர் 31

இன்று 21.

யார் வரவில்லை என்பதைவிட எதனால் என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். ஆசிரியை மனப்பாடமாகச் சொல்கிறார். ஒரு வீட்டில் புதுக் குழந்தை பிறந்து பதினைந்து நாள், நான்காம் வகுப்பு அக்கா தொட்டில் ஆட்டுகிறாள். ஒரு குடும்பம் மாலூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது, ஐந்தாம் வகுப்புப் பையனையும் கூட்டிக்கொண்டு. அண்ணன் தம்பி இருவர் பாட்டி ஊரில் ராகி காவலுக்கு நிற்கிறார்கள், பாட்டி ஊர் தமிழ்நாட்டுப் பக்கம். இன்னொரு வீட்டில் அம்மா கார்மென்ட்ஸ் வேலைக்குக் காலை ஆறு மணி வேனில் போகிறார், கூட்டிவர வேண்டிய தாத்தா ராத்திரி முழுக்கக் காவலிருந்து காலையில் தூங்கிவிட்டார். ஆறாவதுக்குக் காய்ச்சல், அவ்வளவுதான்.

ஆறு பேரில் ஐந்து பேர் நான்கு, ஐந்தாம் வகுப்பு. பத்து வயதில் வீட்டு வேலைக்குத் தோதான கை வந்துவிடுகிறது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அந்த வகுப்புகளில்தான் வராத நாளின் நஷ்டமும் அதிகம் என்பது.

காரணம் பாடம் நடத்தும் முறை. ஒன்று முதல் மூன்று வரை நலி-கலி, ஆடிப்பாடிக் கற்கும் முறை. 1995-இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டேயில் யுனிசெஃப் உதவியோடு தொடங்கியது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையிலிருந்து எடுத்தது. தமிழ்நாட்டுச் செயல்வழிக் கற்றலுக்கும் அதுவே ஊற்று, அதனால் அங்கே படித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. சுவரில் ஏணி. ஏணியில் படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு படமும் எண்ணும், அதே படம் போட்ட அட்டை தட்டில். பிள்ளை தன் அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் உட்கார வேண்டும். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, கொஞ்சம் உதவும் குழு, கூடப் படிக்கிற பிள்ளைகள் முழுதாக உதவும் குழு, கொஞ்சம் உதவும் குழு, தானே படிக்கும் குழு என்று ஐந்து. பத்து நாள் கழித்து வருகிற பிள்ளை, விட்ட படியிலேயே அட்டையை எடுத்துத் தொடரலாம். ஏணி அவளுக்காகக் காத்திருக்கும்.

நான்காம் வகுப்பிலிருந்து பாடப்புத்தகம். புத்தகம் காத்திருக்காது.

கண்ணெதிரே பார்த்தது ஒன்று. இரண்டு வாரம் வராமல் இன்று வந்த ஐந்தாம் வகுப்புப் பெண் 408-ஐ நான்கால் வகுத்து 12 என்று எழுதியிருந்தாள். நான்கை நான்கால் வகுத்தால் 1, எட்டை நான்கால் வகுத்தால் 2. வாய்ப்பாடு சரி, இறக்கும் வரிசை சரி. “நடுவுல ஒண்ணுமே இல்லியே சார், அதான் விட்டுட்டேன்.” பத்துகள் இடத்தில் ஒன்றும் இல்லை என்றாலும் அங்கே சுழி போட வேண்டும் என்று சொல்லித்தந்த அன்று அவள் வரவில்லை. விதியைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. காகிதத்தில் நான்கு நூறு ரூபாய் நோட்டு, எட்டு ஒரு ரூபாய் காசு வெட்டிக் கொடுத்து நாலு பேருக்குப் பங்கிடச் சொன்னால் போதும். ஆளுக்கு ஒரு நூறு, பத்து ரூபாய் நோட்டு யாருக்கும் இல்லை, இரண்டு காசு. கையில் இருப்பதை எழுதச் சொன்னால் 102 என்று தானே எழுதுவாள். எழுதினாள். பிறகு 12-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனின் நோட்டையும் எட்டிப் பார்த்தாள், அவனும் 12.

நகரத்திலிருந்து பாடம் சொல்லித்தர வருகிற குழுக்கள் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில்தான் உட்கார்கிறார்கள். சின்னப் பிள்ளைகள், பாட்டு, படம், போட்டோ நன்றாக வரும். இந்தப் பருவத்தில் தேவை பின்பெஞ்சில். தலைக்கு நாற்பது நிமிடம், ஒரே ஒரு கணக்கு வகை, அது போதும்.

சூளைக்குப் போன குடும்பத்துக்கு ஒரு காகித விஷயம். மாறுகிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்க டி.சி. கையில் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. ஆனாலும் ஒரு துண்டுச் சீட்டில் பிள்ளையின் எஸ்.ஏ.டி.எஸ். எண்ணையும் (கர்நாடக மாணவர் பதிவு எண்), மாநிலம் மாறினாலும் மாறாத பென் எண்ணையும் (நிரந்தரக் கல்வி எண்) எழுதிக் கொடுத்தனுப்புவது நல்லது. எண் இல்லாமல் போனால் புதிதாகப் பெயர் ஏற்றிவிடுவார்கள், திரும்பி வந்ததும் ஒரே பிள்ளை இரண்டு பெயராக நிற்கும். அதைச் சரி செய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள், சனி, நவம்பர் 1

ராஜ்யோத்ஸவம். 1956-இல் மொழிவாரியாக மாநிலம் ஒன்றான நாள். அப்போது பெயர் மைசூர்தான், 1973 நவம்பர் 1-இல் கர்நாடகா ஆனது. இன்று 25 பேர், பாட்டி ஊருக்குப் போன அண்ணன் தம்பி உட்பட. இனிப்பு இருக்கிறது, டான்ஸ் இருக்கிறது, காவலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்!

வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசுகிற பிள்ளைகள் இங்கே பாதிக்கு மேல். கர்நாடக மாநிலப் பாட்டான நாடகீதையை அவர்கள் பாடுவதில் அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. பாட்டுக்கு 2 நிமிடம் 30 வினாடி என்று அரசு வரையறுத்திருக்கிறது, போன் ஸ்பீக்கரில் போட்டுக் கூடப் பாடினால் அளவாக முடியும். தமிழ்க் குழுக்கள் இந்த நாளில் வந்தால் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசத் தயார் செய்துகொண்டு வர வேண்டும். கன்னடத் தாயான புவனேஸ்வரி படத்துக்கு மாலை போட்டுவிட்டு வாய் மூடி நிற்பது நன்றாக இருக்காது.

கொடி விஷயத்தில் பல பள்ளிகளில் நடக்கும் கூத்து இங்கேயும் நடந்தது. இழுத்தார்கள், கொடி மேலே போனது, பிரியவில்லை. நனைந்த பருத்திக் கயிறு ஊதி முடிச்சு இறுகிவிட்டது. இறக்கி, அவிழ்த்து, மறுபடி. முறை இதுதான்: கொடியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, நடுவில் உதிரிப் பூ வைத்துச் சுருட்ட வேண்டும். முழுப் பூ வைத்தால் கனத்தில் கீழே விழும், இதழாக உதிர்த்தால்தான் பரவும். காவி மேலே வரும் முனையை மேல் கயிற்றில் கட்டியாயிற்றா என்று சுருட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், சுருட்டிய பிறகு தெரியாது. சுருளைச் சுற்றிப் போடுவது உருவு முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி. அந்த முடிச்சை முந்தின நாளே போட்டு வைக்கக் கூடாது. காலையில், காய்ந்த நைலான் கயிற்றில், ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு போட்டு ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட வேண்டும். உச்சியில் உள்ள கப்பிக்கு எண்ணெய் விட இந்த மழைக்குப் பிறகு ஒரு ஆள் ஏறியே ஆக வேண்டும். ஆகஸ்ட் 15-க்கு விட்ட எண்ணெய் அக்டோபர் மழையில் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

இனிப்புக்கு மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார்கள். மீதியைப் பள்ளியில் வைக்கவில்லை, ஒரு துண்டு விடாமல் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிவிட்டார்கள். ஏன் என்பது நாளைக்கு.

நான்காம் நாள், ஞாயிறு, நவம்பர் 2

யானை.

பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இறங்குவது ஒவ்வொரு வருடமும் ராகி முற்றும்போதுதான். அவற்றுக்கு மாநில எல்லை கிடையாது, கதிர் மணம்தான் கணக்கு. பகலில் காட்டிலோ தைலமரத் தோப்பிலோ நிற்கும், இருட்டியதும் வயலுக்கு வரும், விடிவதற்குள் திரும்பும். நவம்பர் தொடக்கத்தில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அதனால் பள்ளி விட்ட பிறகு விளையாட்டுப் பயிற்சி என்று ஐந்தரை வரை பிள்ளைகளை நிறுத்தி வைப்பது இந்த இரண்டு மாதமும் கூடாது. தூரத்து வீட்டுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரியவரோடு அனுப்புகிறார்கள்.

வயல் பக்கம் நடந்தால் ராகியின் நிலை தெரியும். ஜி.பி.யு. 28 மாதிரி ரகங்களுக்கு 110, 115 நாள். ஜூலையில் விதைத்தவர்கள் அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆகஸ்டில் விதைத்தவர்களுக்குக் கார்த்திகை பிறக்க வேண்டும். ராகிச் சால்களுக்கு நடுவே அவரையும் துவரையும் போடுவதை இங்கே அக்கடி என்கிறார்கள். அவரை பூத்து நிற்கிறது, காய் ராகிக்குப் பிறகுதான். அறுத்த தாளைக் கட்டி போர் போட்டு, ஆறப்போட்டுத்தான் அடிப்பார்கள். போர் போட்ட பிறகும் யானை வரும், அதனால் காவல் தை வரைக்கும் நீளும். பரண்மேல் ராத்திரிக்கு இரண்டு பேர். காவலிருந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கினால் எழுப்பாமல் விடுகிற ஆசிரியை எங்களுக்குச் சரியாகவே படுகிறார்.

வேலிகள் ஏன் தோற்கின்றன என்று ஊரில் கேட்டால் ஆளாளுக்குச் சொல்வார்கள். அகழி வெட்டினால் மழையில் கரை சரிந்து தூரும், மிச்சத்தை யானை காலால் தள்ளி இறங்கும். சூரிய மின்வேலியில் துடிப்பாக மின்சாரம் வரும், அடிக்கும், கொல்லாது. ஆனால் மழைக்குப் பிறகு வளர்ந்த புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கி வேலி செத்துவிடும். வாரம் ஒரு முறை அடிப்புல் அறுக்க வேண்டும், அறுவடை மும்முரத்தில் யாரும் அறுப்பதில்லை. காய்ந்த மரத்தைத் தூக்கிக் கம்பிமேல் போட்டுவிட்டுத் தாண்டுகிற யானையும் உண்டு. வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது குற்றம், யானையும் சாகும் மனிதனும் சாவான்.

இனி பள்ளி. காட்டோரப் பள்ளிகளில் யானை உடைப்பது வகுப்பறையை அல்ல, சமையலறையை. அரிசி, உப்பு, வெல்லம் மூன்றும் மோப்பத்துக்கு எட்டும். இங்கே ராகிப் பருவம் முடியும் வரை மூட்டைகளைப் பள்ளியில் வைப்பதில்லை. ஊர் நடுவில் ஒரு வீட்டில் இருக்கும், தினமும் காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் நிறுத்து எடுத்து வருகிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5. இருபத்தேழு பேருக்கு என்று 2.7 கிலோ அரிசி போட்டு 22 பேர் வந்தால் அரைக் கிலோ அரிசி கூடுதல், சோறாக ஒரு கிலோவுக்கு மேல். அதைப் பின்பக்கம் கொட்டினால் ராத்திரி விருந்தாளி வருவார், முதலில் பன்றி, பிறகு பெரியவர்.

அதனால்தான் ஹாஜரி எடுத்த பிறகே அரிசி களைய வேண்டும் என்பது இங்கே சட்டம். அக்கா அடுப்பில் உலையை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, கழுவிய தண்ணீரைத் தூரத்துக் குழியில் ஊற்றி, குழிமேல் சாம்பல். பள்ளித் தோட்டத்தில் வாழையும் பலாவும் கிடையாது, எலுமிச்சை, மிளகாய், கறிவேப்பிலை. யாராவது புதிதாக மரக்கன்று நன்கொடை தந்தால், தயவுசெய்து வாழைக்கன்று வேண்டாம்.

ஞாயிறு ஆதலால் தண்ணீர்த் தொட்டியும் கழுவினார்கள். மழைக்காலம் முடியும்போது ஒரு முறை கட்டாயம். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் இரண்டரை கிராம். நேராகத் தொட்டியில் தூவக் கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும், ஒரு மணி நேரம் குழாய் திறக்கக் கூடாது. போன வருட மிச்சப் பவுடரில் வாடையே இல்லை என்றால் அதில் வீரியமும் இல்லை.

ஐந்தாம் நாள், திங்கள், நவம்பர் 3

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை நாள். ஐந்து முதல் ஒன்பது வயதுக்கு இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம். பத்து வயதிலிருந்து நீலம், 60 மில்லிகிராம். ஒரே வகுப்பில் இரண்டு நிறமும் வேண்டியிருக்கும், அதனால் வகுப்பைப் பார்க்காமல் வயதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். காலைப் பாலோடு கொடுத்தால் பால் இரும்பை உடலில் சேரவிடாது. மதியச் சாப்பாடு முடிந்து, ஆசிரியர் கண்முன் விழுங்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகும் என்று வீட்டில் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அடுத்த வாரம் பாட்டிமார் வாசலில் நிற்பார்கள்.

இன்று முட்டைப் பேச்சும் வந்தது. அரசு ஒரு முட்டைக்கு வைத்திருக்கும் கணக்கு 6 ரூபாய், வேகவைக்கிற செலவு, உரிக்கிற கூலி எல்லாம் அதற்குள். புரட்டாசியில் நாமக்கல் விலை இறங்கும்போது தாங்கும். ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் விலை ஏறும்போது வித்தியாசம் ஆசிரியர் பையிலிருந்து போகிறது. நன்கொடை என்றால் நோட்டுப் புத்தகம்தான் என்று நினைப்பவர்கள், இந்த மூன்று மாத முட்டை வித்தியாசத்தைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப மாலை போட்ட வீட்டுப் பிள்ளைகள் முட்டை தொட மாட்டார்கள், வாழைப்பழமோ கடலைமிட்டாயோ எத்தனை வேண்டும் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும்.

எஸ்.டி.எம்.சி. (பள்ளி வளர்ச்சி, மேலாண்மைக் குழு) கூட்டம் மூன்று மணிக்கு என்று நோட்டீஸ் போயிருந்தது, வந்தவர்கள் நான்கு பேர். சட்டப்படி இந்தக் குழுக்களில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். அறுப்புக்குப் போனவர்கள் மாலை வரை வயலில், கார்மென்ட்ஸ் அம்மாக்கள் ஏழு மணிக்கு மேல்தான் ஊர் திரும்புவார்கள், அப்போது யானை நேரம். ஒரே கூட்டத்தில் இரண்டு தரப்பும் இந்தப் பருவத்தில் கூட முடியாது. வயல்காரர்களை வெயில் ஏறுவதற்கு முன்பும், வேலைக்குப் போகும் அம்மாக்களை ஞாயிறு காலையிலும் என்று இரண்டாகப் பிரிப்பதுதான் ஒரே வழி, அதற்கு ஆசிரியையின் ஞாயிறு போகும். அவரே அதைச் சொன்னார், பெருமூச்சு விட்டபடிதான்.

வந்த நால்வரில் ஒருவர், தொட்டிலாட்டுகிற பெண்ணின் பாட்டி. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். “இன்னும் பத்து நாள் பொறுத்துக்கங்க மேடம். அறுப்பு முடிஞ்சா நானே வீட்டுல இருப்பேன், புள்ளைய அனுப்பிடறேன்” என்றார். ஆசிரியை அவளுடைய கணக்குப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பத்து நாளில் வரப்போகிற மூன்று பக்கங்களில் பென்சிலால் சுழித்து, பாட்டி கையிலேயே கொடுத்தனுப்பினார்.

காலையில் ஹாஜரி 19. பால் பவுடர் 342 கிராம், அரிசி 1.9 கிலோ. சமையலறைக் கதவின் உட்புறம் அக்கா சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தார், நேற்றைய இடத்தில் ஒரு கோடு, அதற்கு மேலே 25, 21, 22.